ஷார்ட் ஃபிலிம்ல அப்பா குடிக்கற சீன், கீழ எச்சரிக்கை போட்டே ஆகணுமா? பசங்க விசில் அடிக்காம எப்படி எடுக்கறது?

பென்னாகரத்துப் பையன்:

வணக்கம் ஃப்ரெண்ட்ஸ், சினிமா தெரிஞ்சவங்க, சட்டம் தெரிஞ்சவங்க, சும்மா படம் பாக்கறவங்க யாரா இருந்தாலும் பரவால்ல, ஒரு டவுட்டு. நாங்க தர்மபுரில காலேஜ் பசங்க கொஞ்ச பேரு சேந்து ஒரு ஷார்ட் ஃபிலிம் பண்றோம். கதைன்னு பெருசா ஒண்ணும் இல்ல, லாரி ஓட்டற ஒருத்தரு சேலத்துல லோடு இறக்கிட்டு தொப்பூர் கணவாய் ஏறி ராத்திரி வீட்டுக்கு வர்றாரு, அந்த ஒரு ராத்திரிதான் படம். ஆளு குடிப்பாரு, பீடியும் உண்டு. வீட்ல பொண்டாட்டி, எட்டாவது படிக்கற ஒரு பையன்.

எங்க கேமராமேன் பயங்கர ஆர்வத்துல லைட்டர் பத்த வைக்கறது க்ளோஸப், அப்புறம் புகைக்குள்ள இருந்து முகம் மெதுவா வெளிய வர்ற மாதிரி ஸ்லோ மோஷன், பின்னாடி பேஸ் அடிக்கற மியூசிக்னு ஒரு டெஸ்ட் ஷூட் பண்ணிட்டான். மொபைல்லதான் எடுத்தது, ஆனா சூப்பரா வந்துச்சு. ஹாஸ்டல்ல போட்டு காட்டுனா பசங்க விசில் அடிச்சு ‘தலைவா’ங்கறானுங்க. பாக்கறவனுக்கு அந்த அப்பாவ கண்டா பயம் வரணும், இல்ல பாவமாவது வரணும்னு நான் எழுதுனது, இவனுங்க அந்த க்ளிப்ப ஸ்டேட்டஸ்ல வச்சிட்டானுங்க.

கேள்வி ரெண்டு. யூடியூப்ல போடறதுக்கு அந்த கீழ வர்ற எச்சரிக்கை எல்லாம் கட்டாயமா? ரெண்டாவது, குடிக்கறத காட்டணும் ஆனா கெத்தா தெரிய கூடாது, அதுக்கு என்ன பண்ணலாம்? குடிக்கற சீனே இல்லாம எடுன்னு மட்டும் சொல்லாதீங்க, அப்புறம் படமே இல்ல.


ராயக்கோட்டை ரோடு:

தம்பி, சட்டம் மட்டும் சொல்றேன், கலை எனக்கு வராது.

சிகரெட் மத்த புகையிலைப் பொருள் சட்டம் 2003ல வந்தது. அதுக்கு கீழ சினிமாவுக்குன்னு 2011ல விதி போட்டு, அத திருத்தி 2012 அக்டோபர் 2ல இருந்து நடைமுறைக்கு வந்துச்சு. படத்துல புகையிலை வந்தா ஆரம்பத்துலயும் நடுவுலயும் 30 செகண்டு விழிப்புணர்வு படம், அதே மாதிரி ரெண்டு தடவ 20 செகண்டு டிஸ்க்ளைமர், அது போக அந்த சீன் ஓடற வரைக்கும் கீழ எச்சரிக்கை வரி. அந்த வரி வெள்ளைல கருப்பு எழுத்தா, படம் எந்த மொழியோ அதே மொழில, படிக்கற மாதிரி இருக்கணும்னுதான் விதி. நம்ம ஆளுங்க எத்தன பேரு அப்படி போடறாங்கன்னு அடுத்த தடவ தியேட்டர் போனா பாருங்க. பிராண்டு பேரு தெரியக்கூடாது, போஸ்டர்ல புகையிலை வரவே கூடாது. 2018ல சர்கார் ஃபர்ஸ்ட் லுக்ல விஜய் சிகரெட்டோட இருந்து, சுகாதாரத்துறை நோட்டீஸ் குடுத்து, போஸ்டர எடுத்தாங்களே, அது இந்த சட்டத்த வச்சுதான். 2023 செப்டம்பர் 1ல இருந்து ஓடிடிக்கும் எச்சரிக்கை கட்டாயம் ஆயிடுச்சு.

உங்கள மாதிரி பசங்க யூடியூப்ல போடறதுக்கு சென்சார் சர்டிபிகேட் எல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க. தியேட்டர்ல டிக்கெட் போட்டு ஓட்டணும்னாதான் அந்த வேலை. ஆனாலும் வரிய போட்டுருங்க, போடறதால ஒண்ணும் கொறஞ்சிடாது, நாளைக்கு எதாவது ஓடிடில வாங்கறேன்னு வந்தா திரும்ப எடிட் பண்ற வேலை மிச்சம்.

இது எல்லாமே புகையிலைக்குத்தான். குடிக்கு இந்த 30 செகண்டு 20 செகண்டு கணக்கெல்லாம் கிடையாது. சென்சார் போர்டுக்கு 1991ல குடுத்த வழிகாட்டு நெறில குடிய நியாயப்படுத்தற, பெருமைப்படுத்தற சீன் கூடாதுன்னு ஒரு வரி இருக்கு, அவ்ளோதான். அந்த வரிய வச்சுகிட்டு எத்தன டாஸ்மாக் பார் பாட்டு சர்டிபிகேட் வாங்கி வெளிய வந்துருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

இன்னொரு விஷயம். 2005ல அன்புமணி மத்திய சுகாதார அமைச்சரா இருந்தப்ப திரையில புகை பிடிக்கற சீனே கூடாதுன்னு விதி கொண்டு வந்தாங்க. சினிமாக்காரங்க கோர்ட்டுக்கு போயி 2009 ஜனவரில டெல்லி ஹைகோர்ட் அது கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது, செல்லாதுன்னு சொல்லிடுச்சு. காட்டவே கூடாதுன்னது போயி, காட்டு ஆனா எச்சரிக்கையோட காட்டுன்னு ஆனது அதுக்கப்புறம்தான். அவரு 2014ல நம்ம தர்மபுரிக்கே எம்.பி ஆனதுனால டீக்கடைல இந்த பேச்சு வந்தா உடனே கட்சி சண்டையாயிடும், இங்க வேணாம்.


பழைய ஆபரேட்டர்:

நான் கிருஷ்ணகிரி பக்கம் தியேட்டர் புரொஜெக்டர் ரூம்ல ரொம்ப வருசம் வேலை பாத்தவன், ஃபிலிம் ரோல் காலத்துல இருந்து டிஜிட்டல் வரைக்கும். சட்டம் அண்ணன் சொன்ன 30 செகண்டு விழிப்புணர்வு படம் இருக்கே, அதுல அந்த முகேஷ் படம் மொத மொத வந்தப்ப கண்ணாடி ஓட்ட வழியா பாத்தா ஹாலே கப்சிப். 24 வயசு பையன், வாய்ல புற்றுநோய் வந்து செத்தவன். அவன் போட்டது குட்கா, சிகரெட் இல்ல, இது நெறைய பேருக்கு இன்னும் தெரியாது. கொஞ்ச நாள் போனதும் என்ன ஆச்சுன்னா முன் வரிசை பசங்க அந்த டப்பிங் குரல் மாதிரியே கூட சேந்து கத்துவாங்க, ஹால் பூரா சிரிப்பு. செத்துப்போன பையனோட கதைக்கு சிரிப்பு வருதேன்னு எனக்கே ஒரு மாதிரி இருக்கும், ஆனா ஒரு நாளைக்கு நாலு ஷோ அதையே போட்டா வேற என்ன ஆகும். இடைவேளை முடிஞ்சு வர்ற அந்த 30 செகண்டுல பாதி பேரு இன்னும் வெளிய தம் அடிச்சுட்டு இருப்பான்.

அப்புறம் அந்த கீழ வர்ற எழுத்து. ஹீரோ கையில சிகரெட் தெரியறதுக்கு ஒரு நொடி முன்னாடியே எழுத்து வந்துரும், அத பாத்தவுடனே விசில் ஆரம்பிச்சுரும், முகம் அதுக்கப்புறம்தான் வரும். பயமுறுத்த வச்ச எழுத்து தலைவர் வர்றாருன்னு சொல்ற மணி மாதிரி ஆயிப்போச்சு.

இப்ப உங்க ரெண்டாவது கேள்விக்கு வர்றேன் தம்பி. ஒரு தடவ ஒரு பெரிய ஹீரோ படம், ஞாயித்துக்கிழமை மேட்னி ஹவுஸ்ஃபுல், சைடு ஸ்பீக்கர் லைன் பூரா போயி நடு சேனல் மட்டும் ஓடுச்சு. நடு சேனல்ல வசனம்தான் இருக்கும், மியூசிக் எல்லாம் சைடுல. அதே ஹீரோ அதே ஸ்டைலா பத்த வைக்கறாரு, ஸ்லோ மோஷன்ல நடக்கறாரு, ஒருத்தன் விசில் அடிக்கல. ‘சவுண்டு சவுண்டு’ன்னு என்னையத்தான் கத்துனாங்க. மியூசிக் இல்லாம பாத்தா ஒரு ஆளு நின்னு புகை விட்டுட்டு இருக்கான், கேவலமா இருந்துச்சு. அதனால உங்க கேமராமேன அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல அந்த பேஸ் மியூசிக்க கழட்டுங்க.


ஓசூர் சிப்காட்:

ப்ரோ தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு இந்த பேச்சே எரிச்சலா இருக்கு. சினிமா பாத்து கெட்டுப்போனான் சினிமா பாத்து கெட்டுப்போனான்னு எத்தன வருசமா சொல்லுவீங்க. சரக்கு விக்கறது யாரு? 2003ல இருந்து கவர்மென்ட்டே கடைய வச்சு விக்குது, நம்ம பக்கம் அது பத்தலன்னு அத்திப்பள்ளி தாண்டி போயி கர்நாடகா சரக்கு பாக்கெட்ட வாங்கிட்டு வர்றான், அவன் எல்லாம் எந்த படம் பாத்துட்டு போறான்? எங்க கம்பெனில நைட் ஷிஃப்ட் முடிச்சு காலைல குடிக்கறவன் இருக்கான், அவன் தியேட்டர் போயி வருசக்கணக்கா ஆச்சு.

ரத்தம் தெறிக்க தெறிக்க வெட்றாங்க, அதுக்கு கீழ எதாவது எழுத்து வருதா? வாத்தியார் எம்ஜிஆர் ஒரு படத்துல கூட குடிச்சதில்ல பிடிச்சதில்ல, டாஸ்மாக் கம்பெனிய 1983ல ஆரம்பிச்சதே அவரு ஆட்சிலதான். திரைல சுத்தமா இருந்து என்ன ஆச்சு? ஹாலிவுட்ல ஊடி ஆலன்னு ஒரு டைரக்டரு, 2013ல என் படத்துக்கு மேல எழுத்து போட்டு ஓட்ட விட மாட்டேன்னு இந்தியால ரிலீஸே பண்ணல. அந்த தைரியம் வேணும். நீங்க உங்க படத்த உங்க இஷ்டத்துக்கு எடுங்க, விசில் அடிச்சா அடிக்கட்டும், வ்யூஸ் வரும்ல.


காவேரிப்பட்டணம்:

சிப்காட் தம்பி, வாத்தியார பத்தி பேசறப்ப பாத்து பேசணும். 1968ல வந்த ஒளி விளக்கு பாருங்க. அதுல குடிப்பாரு, குடிச்சுட்டு நிக்கறப்ப அவரோட மனசாட்சியே பல எம்ஜிஆரா சுத்தி நின்னு நீ மனுசன்தானான்னு கேக்கும். நான் சின்ன பையன், டெண்ட் கொட்டாய்ல மணல்ல உக்காந்து பாத்தது. யாரும் விசில் அடிக்கல, பக்கத்துல இருந்த ஒரு குடிகாரரு தலைய குனிஞ்சுகிட்டாரு. அதனால காட்டறதா வேணாமாங்கறது கேள்வியே இல்ல, காட்டிட்டு என்ன செய்யறோங்கறதுதான். 1983 சேதி நீங்க சொன்னது சரிதான், அதுக்கு நான் வக்காலத்து வாங்கல.

அப்புறம் மதுவிலக்கு மொத மொத வந்ததே நம்ம மண்ணுலதான், எத்தன பேருக்கு தெரியும்? 1937 அக்டோபர் 1, ராஜாஜி சேலம் ஜில்லாவுலதான் ஆரம்பிச்சாரு. தர்மபுரி கிருஷ்ணகிரி எல்லாம் அப்ப சேலம் ஜில்லாதான். அவரு பொறந்த தொரப்பள்ளி இப்ப நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம், ஓசூர் பக்கத்துல. அது 1971 வரைக்கும் ஓடுச்சு. அந்த காலத்துலயும் காய்ச்சுனவன் காய்ச்சுனான், அது வேற கதை.

ரஜினிய எடுத்துக்கோங்க, அவங்க பூர்வீகம் நாச்சிக்குப்பம், வேப்பனப்பள்ளி பக்கம், அதனால நம்ம ஊர்க்காரர்னே வச்சுக்கலாம். சிகரெட்ட தூக்கிப்போட்டு வாயில பிடிக்கற ஸ்டைல பாத்து எங்க செட்டுல பிராக்டீஸ் பண்ணாதவன் இல்ல. சிகரெட்டு வாங்க காசில்லாம பீடில பண்ணி உதட்ட சுட்டுகிட்டவன் ரெண்டு பேரு இப்பவும் எனக்கு பழக்கம். சினிமாவால ஒண்ணும் ஆகலன்னா அது என்ன? பின்னாடி அவரே சிகரெட்ட விட்டுட்டு சிவாஜி படத்துல சூயிங்கத்த தூக்கிப்போட்டாரு, அதுக்கும் அதே விசில்தான் வந்துச்சு. 2023ல ஜெயிலர் ஆடியோ விழா மேடைல குடிப்பழக்கம்தான் என் வாழ்க்கைல நான் பண்ண பெரிய தப்புன்னு வெளிப்படையா பேசுனாரு. அந்த பேச்ச எவன் ஸ்டேட்டஸ்ல வைக்கறான்?


தேன்கனிக்கோட்டை டீச்சர்:

நான் மிடில் ஸ்கூல் டீச்சர். எங்க பக்கம் மார்கழில குளிர் பயங்கரமா இருக்கும், காலைல ப்ரேயர்ல நிக்கறப்ப வாயில இருந்து ஆவி வரும். ஆறாவது பசங்க ரெண்டு விரல உதட்டுகிட்ட வச்சு, கண்ண கொஞ்சம் சுருக்கி, தலைய சாய்ச்சு அந்த ஆவிய விடறாங்க. சும்மா ஊதறதில்ல, அந்த தலை சாய்க்கறது இருக்கே, அது அவங்க அப்பா பீடி குடிக்கறத பாத்து வந்ததில்ல. அப்பா குத்த வச்சு உக்காந்து இருமிகிட்டே குடிப்பாரு. இது எங்க இருந்து வந்துச்சுன்னு சிப்காட் தம்பி சொல்லட்டும்.

இது வெறும் என் அபிப்ராயம் இல்லீங்க. அமெரிக்கால சர்ஜன் ஜெனரல் 2012 அறிக்கைல படத்துல புகைபிடிக்கறத நெறைய பாக்கற சின்ன வயசுப் பசங்க புகைக்க ஆரம்பிக்கறதுக்கு அதுவே காரணமா இருக்குன்னு தெளிவா சொல்லிட்டாங்க. புகைபிடிக்கற சீன் இருந்தா பெரியவங்களுக்கான சர்டிபிகேட் குடுங்கன்னு உலக சுகாதார நிறுவனமும் சொல்லிட்டு இருக்கு. இங்க அது நடக்காது, ஏன்னா யு/ஏ போனா ஃபேமிலி கூட்டம் போயிடும்னு யு வாங்கத்தான் அடிச்சுக்கறாங்க.

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். எங்க ஸ்கூல்ல பசங்க பையில சிக்கறது சிகரெட் இல்ல, உதட்டுக்குள்ள வைக்கற சமாச்சாரம்தான். 2016-17 தேசிய சர்வேல கூட பெரியவங்கள்ல புகைக்கறவங்க 10.7 சதவீதம், மெல்றது வைக்கறதுன்னு இருக்கறவங்க 21.4. குட்காவ தமிழ்நாட்ல 2013லயே தடை பண்ணியாச்சு, பார்டர் தாண்டி வந்துட்டுதான் இருக்கு. எந்த ஹீரோவும் உதட்டுக்குள்ள பொட்டலம் வச்சுகிட்டு ஸ்லோ மோஷன்ல நடக்கறதில்ல, அப்படியும் இது பரவுது. அதனால எல்லாத்தையும் சினிமா தலைல கட்ட முடியாது. அதுக்காக சினிமாவ விட்டுறவும் முடியாது, எனக்கு ரெண்டும் சேந்துதான் தெரியுது.

குடி விஷயத்துல எனக்கு சிகரெட்ட விட கோவம் ஜாஸ்தி. ஆண்டு விழால குடிகாரன் மாதிரி தள்ளாடி ஆடற டான்ஸ வச்சா பெத்தவங்களே கைதட்டி வீடியோ எடுக்கறாங்க, அந்த கூட்டத்துலயே நிஜமா தள்ளாடிட்டு நாலு பேரு நிக்கறாங்க. படத்துல ஹீரோவோட ஃப்ரெண்டு குடிச்சா காமெடி, ஹீரோ குடிச்சா காதல் தோல்வி. லிவர் போன சீன் எதுலயாவது வந்துருக்கா?


பாலக்கோட்டுக்காரி:

இங்க எழுதலாமா வேணாமான்னு யோசிச்சுட்டே இருந்தேன், அந்த தம்பி கேட்ட ரெண்டாவது கேள்விக்கு யாரும் சரியா சொல்லல அதான் எழுதறேன். எங்கப்பா கரும்பு லாரி ஓட்டுனவரு. இப்ப இல்ல.

தம்பி, படத்துல குடிக்கறவங்க உக்காந்து குடிக்கறாங்க. டேபிள் இருக்கு, கிளாஸ் இருக்கு, ஐஸ் இருக்கு, பேசிட்டே குடிக்கறாங்க. எங்கப்பா குடிச்சத நான் பாத்துருக்கேன், ஒரு நிமிசம் கூட ஆகாது. சந்துக்கடை சுவத்து பக்கம் திரும்பி நின்னு, பிளாஸ்டிக் டம்ளர்ல ஊத்தி, தண்ணி பாக்கெட்ட முனைல கடிச்சு பீச்சி, மூக்க சுருக்கிட்டு ஒரே மூச்சுல உள்ள விட்டுட்டு, உடம்பு ஒரு தடவ உதறும். ஊறுகா பாக்கெட்ட நக்கிட்டு டம்ளர கசக்கி போட்டுட்டு கெளம்பிடுவாரு. மருந்து குடிக்கற மூஞ்சிதான் இருக்கும். அதுல என்ன கெத்து? டாஸ்மாக் கடை 12 மணிக்குத்தான் தொறக்கும், திருட்டுத்தனமா விக்கற சந்துக்கடைல விடிகாலைலயே கெடைக்கும், குவாட்டருக்கு மேல அவன் கேக்கற காச குடுத்துட்டு வாங்கணும். என்னைய கூட்டிட்டு போயி வண்டில உக்கார வச்சுட்டு போவாரு, ஸ்கூல்ல விடற வழில. இத அப்படியே எடுங்க, எவன் விசில் அடிக்கறான்னு பாக்கலாம்.

அப்புறம் ராத்திரி வீட்டுக்கு வர்றது. நீங்க அவரு மேல கேமராவ வச்சாலே தப்பு. பையன் மேல வைங்க. நாங்க தூங்கற மாதிரி படுத்துருப்போம், யாரும் தூங்க மாட்டோம். டிவிஎஸ் சத்தம் தெரு முனைல கேக்கும், அப்புறம் ஸ்டாண்டு போடற சத்தம். ஒரே தடவைல ஸ்டாண்டு பிடிச்சுதுன்னா பயமில்ல. ரெண்டு மூணு தடவ கால் தவறிச்சுன்னா அம்மா உடனே எந்திரிச்சு அடுப்படில இருக்கற காச எடுத்து அரிசி டப்பாக்குள்ள போடுவாங்க, லைட்ட போட மாட்டாங்க, இருட்டுலயே. செருப்ப கழட்டறாரா இல்ல செருப்போட உள்ள வர்றாரான்னு காது அதுலயே இருக்கும். இது எல்லாமே சத்தம்தான், ஆபரேட்டர் அண்ணன் சொன்ன மாதிரி உங்களுக்கு மியூசிக்கே தேவைப்படாது.

இன்னொண்ணு சொல்றேன், இத எந்த படத்துலயும் நான் பாக்கல. சில நாள் அவரு குடிச்சுட்டு பரோட்டா பார்சல் வாங்கிட்டு வருவாரு. எங்கள எழுப்பி ‘சாமி எந்திரி சாமி’ன்னு சால்னாவ ஊத்தி பிச்சு ஊட்டி விடுவாரு. குடிக்காத நாள்ல அவரு எங்ககிட்ட பேசவே மாட்டாரு. அதனால நானும் என் தம்பியும் என்ன வேண்டிக்குவோம்னா, குடிக்காம வரணும்னு இல்ல, பரோட்டாவோட வரணும்னு. படத்துல குடிகார அப்பான்னா ஒண்ணு அடிக்கறாரு, இல்ல சிரிக்க வைக்கறாரு. ரெண்டும் இல்லாத நாளுதான் எங்க வீட்ல நெறைய இருந்துச்சு.

சிப்காட் அண்ணா, டாஸ்மாக் பத்தி நீங்க சொன்னதுல எனக்கு மாத்துக்கருத்து இல்ல. வ்யூஸ் வரும்னு சொன்னீங்களே, அதுதான் கொஞ்சம் வலிச்சுது.


ஓசூர் சிப்காட்:

அக்கா அந்த வரி விளையாட்டா சொன்னது, உங்கள நெனச்சு சொல்லல. டாஸ்மாக் பத்தி சொன்னதுல மட்டும் நான் மாற மாட்டேன். ஆனா அந்த ஸ்டாண்டு சத்தம் எங்க வீட்லயும் உண்டு.


பென்னாகரத்துப் பையன்:

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். அக்கா உங்க ரிப்ளைய டீம்ல எல்லாருக்கும் படிச்சு காட்டுனேன், கேமராமேன் ஒண்ணும் பேசல, அப்புறம் அவனே சொன்னான் லைட்டர் ஷாட்ட தூக்கிடலாம்னு. பீடி இருக்கும், ஆனா கணவாய்ல வண்டிய ஓரம் கட்டிட்டு டயர தட்டிப் பாக்கறப்ப வாயில சும்மா இருக்கும், அவ்ளோதான், கேமரா அதுகிட்ட போகாது. சட்டம் அண்ணா சொன்ன மாதிரி வெள்ளைல கருப்புல தமிழ்லயே வரி போட்டுடறோம். ராத்திரி சீன் பூரா பையன் பக்கம் மாத்தி எழுதிட்டேன், அப்பா முகம் பரோட்டா ஊட்டறப்பதான் மொத தடவ தெரியும். அந்த பரோட்டா விஷயத்த படத்துல வச்சுக்கலாமா அக்கா? நீங்க வேணாம்னா எடுத்துடறேன், வேற எதாவது யோசிக்கறேன்.

இப்ப ஒரு பிரச்சனை. எங்க யாருகிட்டயும் பழைய டிவிஎஸ் இல்ல, எல்லாம் புது வண்டி, ஸ்டாண்டு சத்தமே வர மாட்டேங்குது. தர்மபுரி, காரிமங்கலம் பக்கம் யாருகிட்டயாவது இருந்தா ஒரு ராத்திரிக்கு மட்டும் குடுங்க, பெட்ரோல் நாங்க போட்டுக்கறோம்.


பாலக்கோட்டுக்காரி:

வச்சுக்கோங்க தம்பி. சால்னா தனி கவர்ல கட்டி இருக்கணும், ரப்பர் பேண்டு போட்டு. இப்ப வர்ற டப்பால காட்டிடாதீங்க.


பழைய ஆபரேட்டர்:

வண்டி எங்கிட்ட ஒண்ணு கெடக்குது, காரிமங்கலத்துல மச்சான் வீட்ல நிக்குது. ஸ்டாண்டு ஸ்பிரிங் போயி வருசமாச்சு, நீங்க கேட்ட சத்தம் நல்லாவே வரும். ஞாயித்துக்கிழமை காலைல வாங்க, பிளக் கழட்டி துடைக்கணும், ஒருத்தன் ஸ்பேனரோட வரட்டும்.